ட்ரோபோனின் எண்ணும் ஆவணி முகூர்த்தமும்

கேள்வி: எங்கள் அப்பாவுக்கு வயது 53. கோபிசெட்டிபாளையம் பக்கம் தோட்டம். மஞ்சளும் வாழையும் வைத்திருக்கிறோம். மாசி மாதம் ஒரு நாள் விடியற்காலை நான்கு மணிக்கு அவருக்கு நெஞ்சு வலி வந்தது. 'வாய்வு கண்ணு, சித்த நேரத்துல செரியாப் போயிரும்' என்று சுக்குத் தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்துக்கொண்டார். ஒன்பது மணிக்கு உள்ளூர் லேபில், மாரடைப்பைக் காட்டும் இரத்தப் பரிசோதனையான ட்ரோபோனின் 2.3 என்றார்கள். பதினொரு மணிக்கு ஈரோட்டில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தோம். அன்றே ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள். அன்றிரவு ட்ரோபோனின் 18,400. மற்றவை: என்டி-புரோபிஎன்பி 1,150, சிஆர்பி 38, கிரியாட்டினின் 1.1, எக்கோவில் பம்பிங் 42 சதவீதம். இப்போது ஐந்து வாரம் ஆகிறது, தோட்டத்துக்குள் நடக்கிறார். லேபில் வேலை பார்க்கும் உறவினர் ஒருவர், 'இரண்டாக இருந்தது பதினெட்டாயிரம் ஆகியிருக்கிறது என்றால் ஓராண்டு தாண்டுவது கடினம்' என்கிறார். ஆவணியில் அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயித்திருக்கிறோம். அதை வைகாசிக்கே வைத்துவிடலாமா? இரத்தப் பரிசோதனையை வைத்து ஆயுளைச் சொல்ல முடியுமா? மாதாமாதம் எடுக்கச் சொல்லும் 'ஹார்ட் பேக்கேஜ்' தேவையா? சிஆர்பி குறைய மஞ்சள் மாத்திரை கொடுக்கலாமா? அப்பாவிடம் நாங்கள் எதையும் சொல்லவில்லை. டிஸ்சார்ஜ் சம்மரியின் நகலையும் லேப் தாள்களையும் இணைத்திருக்கிறேன்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் வீட்டில் எல்லோருடைய தூக்கத்தையும் கெடுத்துக்கொண்டிருப்பது கல்யாணத் தேதிதான் என்று கடிதத்தைப் படிக்கும்போது தெரிகிறது. ஆகவே அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் அனுப்பியிருக்கும் எண்களில், ஆவணி முகூர்த்தத்தை வைகாசிக்கு இழுக்க வேண்டிய காரணம் எதையும் நான் காணவில்லை. உங்கள் அப்பாவை நான் நேரில் பார்த்ததில்லை, அவரைப் பரிசோதித்த மருத்துவரின் சொல்லுக்கே எடை அதிகம் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

உறவினர் பயந்த அந்த இரண்டு எண்களுக்கு வருவோம். உள்ளூர் லேபின் தாளில் 2.3 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் 'ஒரு மில்லிலிட்டருக்கு நானோகிராம்' என்றும், மருத்துவமனைத் தாளில் 18,400 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் 'ஒரு லிட்டருக்கு நானோகிராம்' என்றும் சிறிய எழுத்தில் அச்சாகியிருக்கிறது. ஒரு லிட்டருக்கு ஆயிரம் மில்லிலிட்டர் என்பதால், முதல் லேபின் 2.3 என்பது மருத்துவமனைக் கணக்கில் 2,300. மஞ்சள் விலையை ஒருவர் கிலோவுக்கும் இன்னொருவர் குவிண்டாலுக்கும் சொன்னால் விலை ஏறிவிட்டது என்று உங்கள் அப்பா நம்புவாரா? எட்டாயிரம் மடங்கு என்று வீட்டில் பேசிக்கொண்டது உண்மையில் எட்டு மடங்கு. அந்த எட்டு மடங்கையும்கூட அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. ட்ரோபோனினில் ஐ என்றும் டி என்றும் இரண்டு வகைகள் அளக்கப்படுகின்றன, ஒவ்வொரு கம்பெனியின் கிட்டுக்கும் அளவுகோல் வேறு, எனவே இரண்டு லேப்களின் எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஏற்றம் இறக்கம் பார்ப்பது சரியான முறை ஆகாது.

அடுத்தது நேரம். ட்ரோபோனின் என்பது இதயத் தசை நார்களுக்குள் இருக்கும் ஒரு புரதம். தசை சேதமடையும்போது அது இரத்தத்தில் கசிகிறது. வலி தொடங்கிய சில மணி நேரத்தில் ஏறத் தொடங்கி, பெரும்பாலும் 12 முதல் 24 மணி நேரத்துக்குள் உச்சத்தைத் தொட்டு, பிறகு ஒரு வாரம் பத்து நாள் வரை மெதுவாக இறங்கும். உங்கள் அப்பாவுக்கு முதல் மாதிரி எடுத்தது வலி தொடங்கி ஐந்தாவது மணி நேரத்தில்; இரண்டாவது எடுத்தது அன்றிரவு, ஏறத்தாழ அது உச்சத்தைத் தொடும் நேரத்தில். அதற்கிடையே அடைப்பைத் திறந்து ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். அடைபட்டிருந்த குழாய் திறந்ததும், அதுவரை தசையில் தேங்கி நின்ற ட்ரோபோனின் திறந்த மடையில் வரும் தண்ணீரைப் போல ஒரே வீச்சில் இரத்தத்துக்குள் வந்துவிடும். அதாவது, சிகிச்சை பலித்ததன் அடையாளமும் அந்தப் பெரிய எண்ணுக்குள் கலந்திருக்கிறது. இதனால்தான் ஒரு தனி ட்ரோபோனின் எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு, அது எந்த மணி நேரத்தில், எதற்குப் பிறகு எடுக்கப்பட்டது என்று தெரியாமல் யார் ஆரூடம் சொன்னாலும் நான் கேட்டுக்கொள்வதில்லை.

இதனால் ட்ரோபோனினுக்கும் உயிர்பிழைப்புக்கும் தொடர்பே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். தொடர்பு உண்டு, அது நன்றாக ஆராயப்பட்டதும்கூட. இரத்தத்தில் மாரடைப்பின் தடயத்தைத் தேடும் வேலை 1954இல் எஸ்ஜிஓடி என்ற நொதியோடு தொடங்கியது (இன்று அதே எஸ்ஜிஓடியைக் கல்லீரல் பரிசோதனைத் தாளில்தான் பார்க்கிறீர்கள், இதயத்துக்கு அதைவிடத் துல்லியமானவை வந்துவிட்டதால் அது அங்கே குடிபெயர்ந்துவிட்டது). 1996இல் அமெரிக்காவிலிருந்து வெளியான ஓர் ஆய்வு, முழு அடைப்பு இல்லாத வகை நெஞ்சு வலியோடு வந்த 1,404 பேரின் ட்ரோபோனினை அளந்து, அது குறைவாக இருந்தவர்களில் 42 நாட்களுக்குள் இறந்தவர்கள் 1 சதவீதம், கூடுதலாக இருந்தவர்களில் 3.7 சதவீதம் என்று காட்டியது. அந்த எண்களை மருத்துவர் ஒருவிதமாகவும் குடும்பத்தார் ஒருவிதமாகவும் படிப்பார்கள். மருத்துவருக்கு அது ஏறத்தாழ நான்கு மடங்கு ஆபத்து. ஆகவே அந்தக் குழுவினரைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும், சீக்கிரம் ஆஞ்சியோ செய்ய வேண்டும் என்று முடிவெடுப்பார். குடும்பத்தாரோ மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும்: ட்ரோபோனின் கூடியிருந்த அந்தக் குழுவிலேயே நூற்றுக்குத் தொண்ணூற்றாறு பேர் 42 நாட்களைக் கடந்து உயிரோடிருந்தார்கள். ஒரு குழுவில் எத்தனை பேர் என்று சொல்லக்கூடிய பரிசோதனை, அந்தக் குழுவில் உங்கள் அப்பா எந்தப் பக்கம் என்று சொல்லும் திறன் பெற்றதல்ல.

நீங்கள் இணைத்த சம்மரியில் எல்லோரும் எண்களைச் சுற்றி வட்டம் போட்டிருக்கிறீர்கள். நான் தேடிய சொல் இரண்டாம் பக்கத்தில் வட்டம் இல்லாமல் கிடக்கிறது. 'கில்லிப் வகை 1' என்று எழுதியிருக்கிறார்கள். 1967இல் நியூயார்க்கில் கில்லிப், கிம்பால் என்ற இரு மருத்துவர்கள், மாரடைப்போடு வந்த 250 பேரை எந்த இரத்தக் குறியீடும் இல்லாமல், நுரையீரலில் நீர் கோத்த ஒலி கேட்கிறதா, இரத்த அழுத்தம் சரிந்து உடல் குளிர்ந்திருக்கிறதா என்று கண்ணாலும் காதாலும் பார்த்து நான்கு வகையாகப் பிரித்தார்கள். மருத்துவமனையிலேயே இறந்தவர்கள் முதல் வகையில் 6 சதவீதம், இரண்டாவதில் 17, மூன்றாவதில் 38, நான்காவதில் 81. இன்றைய சிகிச்சையில் இந்த விகிதங்கள் பெரிதும் குறைந்துவிட்டன, ஆனால் வரிசை மாறவில்லை. ஆயிரக்கணக்கில் செலவாகும் எந்தப் பரிசோதனையும் ஸ்டெதஸ்கோப்பின் அந்த வரிசையை இதுவரை செல்லாததாக்கவில்லை. உங்கள் அப்பா வந்தது முதல் வகையில்.

இப்போது உலகெங்கும் மருத்துவமனைகளில் பயன்படும் கிரேஸ் மதிப்பெண் என்ற கணக்கு முறையிலும் இதே செய்திதான் இருக்கிறது. மருத்துவமனையில் சேர்ந்தவருக்கு எவ்வளவு ஆபத்து என்று கணிக்க அது எட்டு விஷயங்களைக் கேட்கிறது: வயது, நாடித் துடிப்பு, மேல் இரத்த அழுத்தம், கில்லிப் வகை, வரும்போது இதயம் நின்றுபோயிருந்ததா, ஈசிஜிக் கோட்டில் எஸ்டி எனப்படும் பகுதி மாறியிருக்கிறதா, கிரியாட்டினின் எவ்வளவு, இதய நொதி கூடியிருக்கிறதா. எட்டில் இரண்டுதான் இரத்தப் பரிசோதனை சார்ந்தவை. அதிலும் ட்ரோபோனினைப் பொறுத்தவரை 'கூடியிருக்கிறதா இல்லையா' என்ற ஒற்றைக் கேள்விதான். 2,300 ஆனாலும் 18,400 ஆனாலும் அந்தக் கணக்கில் ஒரே மதிப்பெண். மாறாக, நீங்கள் கடிதத்தில் போகிற போக்கில் எழுதிய, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினினுக்கு அங்கே எண் கூடக்கூட மதிப்பெண்ணும் கூடும். சிறுநீரகம் நன்றாக இருப்பவருக்கு மாரடைப்பைத் தாங்கும் வலு கூடுதல். மருந்துகளைத் தேவையான அளவுக்கு ஏற்றவும் அவருக்கே வசதி. அப்பாவின் சிறுநீரகம் நன்றாக இருக்கிறது.

என்டி-புரோபிஎன்பி பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மாரடைப்புக்குப் பிந்தைய கணிப்பில் எனக்கு ட்ரோபோனினைவிட உதவுவது அதுதான். இதனோடு சேர்ந்து சுரக்கும் பிஎன்பி என்ற ஹார்மோனை 1988இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் பன்றியின் மூளையில் கண்டுபிடித்ததால், பெயரின் 'பி'யில் மூளை ('பிரெயின்') ஒட்டிக்கொண்டது. உண்மையில் அதைப் பெரிதும் சுரப்பது இதயத்தின் கீழறைகளே. அறையின் சுவர் விரிந்து இழுபடும்போது இது கூடும். ட்ரோபோனின் எவ்வளவு தசை சேதமடைந்தது என்பதைக் காட்டுகிறதென்றால், இது மிஞ்சிய தசை எவ்வளவு சிரமப்பட்டு வேலை செய்கிறது என்பதைக் காட்டுகிறது. 2001இல் வெளியான ஆய்வு ஒன்று 2,525 பேரிடம் முதல் சில நாட்களில் பிஎன்பியை அளந்து, எண் கூடக்கூட ஒரு மாதத்திலும் பத்து மாதத்திலும் இறப்பு படிப்படியாகக் கூடுவதைக் காட்டியது. இதற்கும் விலக்குகள் உண்டு: வயது கூடினாலும் சிறுநீரகம் பழுதானாலும் எண் ஏறும், உடல் பருத்தவர்களுக்கு, இதயம் சிரமப்பட்டாலும் எண் குறைவாகவே காட்டும். அப்பாவின் 1,150 முதல் நாள் எடுத்தது. இதயம் அன்று திணறியது என்பதற்கு அது சாட்சி. மூன்றாம் மாதத்தில் எக்கோவோடு சேர்த்து ஒருமுறை மீண்டும் எடுத்தால், இறங்கியிருக்கிறதா என்பது அந்த முதல் எண்ணைவிட அதிகம் சொல்லும்.

சிஆர்பி 38 என்பது இரண்டாம் நாள் எடுத்தது. கல்லீரல் சுரக்கும் இந்தப் புரதம், உடலில் எங்கே அழற்சி இருந்தாலும் கூடும். இதயத் தசை புண்பட்டு ஆறத் தொடங்கும் இரண்டாம் மூன்றாம் நாளில் அது கூடாமல் இருந்தால்தான் வியப்பு. மிக அதிகமாகக் கூடினால் சேதம் பெரிது என்று கொள்ள இடமுண்டு; ஆனால் சளிக் காய்ச்சலும் பல் வீக்கமும்கூட இதே எண்ணை ஏற்றும். இதற்கு மஞ்சள் மாத்திரை கேட்கிறீர்கள். ஈரோட்டு மண்ணில் மஞ்சளைக் குறைத்துப் பேசும் துணிவு எனக்கில்லை. குழம்பிலும் ரசத்திலும் வழக்கம்போல் சேருங்கள். ஆனால் எண்ணைக் குறைப்பதும் ஆபத்தைக் குறைப்பதும் ஒன்றல்ல. 2017இல் வெளியான பெரிய ஆய்வொன்றில், முன்பு மாரடைப்பு வந்து சிஆர்பியும் கூடியிருந்த 10,061 பேருக்கு அழற்சியைத் தடுக்கும் கனாகினுமாப் என்ற ஊசியைக் கொடுத்துப் பார்த்தார்கள். சிஆர்பி நன்றாக இறங்கியது. 150 மில்லிகிராம் அளவில் மாரடைப்பு, பக்கவாதம், இதய இறப்பு ஆகியவை சேர்ந்த கணக்கு 15 சதவீதம் குறைந்தது. ஆனால் தொற்றால் இறந்தவர்கள் கூடினார்கள்; மொத்த இறப்பு எண்ணிக்கையில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லாமல் போயிற்று. இத்தனை வலுவான மருந்துக்கே இந்த நிலை. மஞ்சளின் சாரத்தைச் செறிவாக்கிய மாத்திரைகள், அப்பா சாப்பிடும் இரத்தம் உறையாத மாத்திரைகளோடு சேர்ந்து இரத்தக் கசிவைக் கூட்ட வாய்ப்பிருப்பதால், அவருடைய மருத்துவரிடம் கேட்காமல் கொடுக்க வேண்டாம்.

மாதாந்திர பேக்கேஜ் வேண்டாம். இறங்கி முடிந்த ட்ரோபோனினை மாதம் தவறாமல் எடுப்பதால் லேபுக்கு வருமானம் உண்டு, நோயாளிக்குப் பயன் இல்லை. எடுக்க வேண்டியவை சில மட்டுமே. கொலஸ்ட்ராலை மாரடைப்பு வந்த ஓரிரு நாள் கழித்து எடுத்தால் எல்டிஎல் என்ற கெட்ட கொலஸ்ட்ரால் தற்காலிகமாக இறங்கிப் பொய்யான நிம்மதி தரும். அப்பாவுக்கு நான்காம் நாள் எடுத்த 84 என்ற எண்ணை அதனால் நம்பாதீர்கள், மாத்திரை தொடங்கி ஆறு வாரம் கழித்து எடுங்கள், 55க்குக் கீழே இருக்க வேண்டும். மூன்று மாதச் சர்க்கரை அளவு, ஹீமோகுளோபின், கிரியாட்டினின், பொட்டாசியம் ஆகியவற்றையும் அதே நாளில் பார்த்துவிடலாம். பொட்டாசியத்தைத் தனியாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது: சம்மரியில் ராமிப்ரில், எப்ளெரினோன் என்ற இரண்டு மாத்திரைகளை எழுதியிருக்கிறார்கள், இரண்டும் பொட்டாசியத்தை ஏற்றக்கூடியவை. இந்தப் பக்கத்தில் நோயாளியைப் பார்க்க வருகிறவர்கள் கை நிறைய இளநீரோடுதான் வருவார்கள். உங்கள் தோட்டத்திலேயே வாழைப்பழமும் இருக்கிறது. இரண்டிலும் பொட்டாசியம் அதிகம். பரிசோதனை முடிவு வரும்வரை நாளுக்கு மூன்று இளநீர் என்ற உபசாரத்தை நிறுத்தி வையுங்கள்.

ஆக, அப்பாவின் வருங்காலத்தை அதிகம் தீர்மானிக்கப்போவது எது என்று கேட்டால், பம்பிங் 42 என்று எழுதியிருக்கும் அந்த எண்தான் என்பேன் (ஒவ்வொரு துடிப்பிலும் இதயத்தின் கீழறை தன்னிடமுள்ள இரத்தத்தில் எத்தனை சதவீதத்தை வெளியே தள்ளுகிறது என்பதுதான் அது). அதுவும் இன்னும் முடிவான எண் அல்ல. அடைப்பு திறந்த பிறகும் இதயத் தசையின் ஒரு பகுதி சாகாமல், ஆனால் இயங்காமல், சில வாரங்கள் திகைத்து நிற்கும். அதனால்தான் ஆறு முதல் பன்னிரண்டு வாரத்துக்குள் எக்கோவை மீண்டும் பார்க்கச் சொல்கிறோம். அப்போது 50ஐத் தொட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். 35க்குக் கீழே போனால், திடீர் துடிப்புக் கோளாறைத் தடுக்கும் கருவி தேவையா என்ற பேச்சு அப்போது வரும். இரண்டில் எது நடக்கும் என்று இன்றைக்கு எந்த இரத்தப் பரிசோதனையும் உறுதியாகச் சொல்லாது. எது நடக்கும் என்பதில் மாத்திரைகளுக்குப் பெரிய பங்கு இருக்கிறது. குறிப்பாக, ஸ்டென்ட் வைத்தவர் இரத்தம் உறையாத இரண்டு மாத்திரைகளையும் வழக்கமாக ஓராண்டு விடாமல் சாப்பிட வேண்டும். பல் பிடுங்கப் போன இடத்தில் 'நிறுத்திவிட்டு வாருங்கள்' என்று சொன்னார்கள் என்று தாங்களே நிறுத்தி, ஸ்டென்டே அடைபட்டு மீண்டும் வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். சம்மரியில் பீடிப் பழக்கம் என்றும் இருக்கிறது. கடிதத்தில் நீங்கள் அதை எழுதவில்லை. இதய நோய்க்குப் பிறகு புகையை விட்டவர்களிடம் இறப்பு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்திருப்பதாகப் பல ஆய்வுகளைத் தொகுத்து 2003இல் காட்டியிருக்கிறார்கள். நீங்கள் வட்டம் போட்ட எந்த எண்ணையும் கீழே இறக்கி இந்த அளவு பலனைப் பெற முடியாது.

நான்கு மணி வலிக்குப் பதினொரு மணிக்குப் போனது பற்றி உங்களைக் கடிந்துகொள்ள மாட்டேன். 2008இல் வெளியான கிரியேட் என்ற இந்திய ஆய்வில், 20,937 நோயாளிகளைப் பார்த்தபோது, முழு அடைப்பு வகையினர் மருத்துவமனையை அடைய எடுத்துக்கொண்ட நேரத்தின் நடு அளவு 360 நிமிடம், அதாவது ஆறு மணி நேரம். நம் பகுதிக்கு இதில் ஒரு பெருமையும் உண்டு: சிறிய ஊர் மருத்துவமனைகளையும் ஆம்புலன்ஸையும் ஆஞ்சியோ வசதியுள்ள பெரிய மருத்துவமனையோடு இணைக்கும் ஏற்பாடு கோவை–ஈரோடு வட்டாரத்தில் முன்னோட்டமாகச் செய்து பார்க்கப்பட்டு, பிறகு தமிழகத்தின் மற்ற இடங்களிலும் சோதிக்கப்பட்டது; 2017இல் வெளியான அதன் முடிவின்படி ஓராண்டு இறப்பு 17.6 சதவீதத்திலிருந்து 14.2 சதவீதமாக இறங்கியது. இரத்தத்தில் ஒரு புதிய குறியீட்டையும் யாரும் கண்டுபிடிக்காமலே, சீக்கிரம் கொண்டுபோய்ச் சேர்த்ததிலும் பிறகு தொடர்ந்த சிகிச்சையிலும் கிடைத்த பலன் இது. இனி வலி வந்தால் சுக்குத் தண்ணீர் வைக்க வேண்டாம், லேபுக்கும் போக வேண்டாம். 108ஐ அழையுங்கள், ஈசிஜி உள்ள இடத்துக்குப் போங்கள்.

அப்பாவிடம் சொல்லாமல் இருப்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. மாத்திரை சாப்பிட வேண்டியவர் அவர், பீடியை விட வேண்டியவர் அவர், காலையில் எடை பார்க்க வேண்டியவரும் அவரே. மூன்று நாட்களுக்குள் இரண்டு கிலோ கூடினாலோ, படுத்தால் மூச்சு வாங்கினாலோ, கால் வீங்கினாலோ அன்றே மருத்துவரிடம் போக வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். வாய்க்கால் தண்ணீர் வரும் நாளையும் மஞ்சள் விலை இறங்கும் நாளையும் நிதானமாக எதிர்கொண்டவர் இதையும் எதிர்கொள்வார். வீட்டில் எல்லோரும் குரலைத் தாழ்த்திப் பேசுவதை அவர் கவனிக்காமலா இருப்பார்? கல்யாணத்தை அவசரமாக வைகாசிக்கு மாற்றினால், காரணத்தை அவராகவே ஊகித்துக்கொள்வார். பத்திரிகை, ஜவுளி, பந்தல் என்று அலைச்சலும் அவர் ஓய்வெடுக்க வேண்டிய மாதத்தில் வந்து விழும். ஆவணிக்குள் மறு எக்கோ முடிந்திருக்கும், மாத்திரைகளின் அளவு சரிசெய்யப்பட்டிருக்கும், அவரும் தினமும் முக்கால் மணி நேரம் நடக்கும் அளவுக்கு வந்திருக்கலாம். தாரை வார்க்க நிற்பதற்கு எந்தத் தடையும் எனக்குத் தெரியவில்லை. பந்தியைக் கவனிக்கிற ஓட்டத்தை மட்டும் உங்கள் மாமன்மார்களிடம் விட்டுவிடுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று மீதி இருக்கிறது. ஐம்பத்தைந்துக்கு முன்பே தந்தைக்கு மாரடைப்பு வந்த வீட்டில் பிள்ளைகளுக்கும் ஆபத்து சற்றுக் கூடுதல். ஆகவே நீங்களும் அக்காவும் இரத்த அழுத்தம், சர்க்கரை, கொலஸ்ட்ரால் ஆகியவற்றோடு, இரத்தத்தில் கொழுப்பைச் சுமக்கும் ஒருவகைத் துகளை அளக்கும் லிப்போபுரோட்டீன்-ஏ என்ற பரிசோதனையையும் ஒருமுறை செய்துகொள்ளுங்கள். அது பெரும்பாலும் பிறப்பிலேயே தீர்மானமாவதால் வாழ்நாளில் ஒரு தடவை பார்த்தால் போதும். அப்பாவுக்கும் அதை எடுக்கச் சொல்லுங்கள். தாளில் எந்த அலகில் எழுதியிருக்கிறார்கள் என்பதையும் சேர்த்து எனக்கு எழுதுங்கள்.